அரை டம்ளருக்கு ஒரு கூம்பு

காபிக்கு வெந்நீர் ஊற்றும்போது பக்கத்து வீட்டு அண்ணாவிடம் யாரும் பேசக் கூடாது. வாசலில் கொரியர்காரன் நின்று கத்தினாலும் சரி, அடுப்பில் சோறு அடிப்பிடித்தாலும் சரி, அவர் திரும்ப மாட்டார். கையில் நீண்ட மூக்கு வைத்த கெண்டி. எதிரே கண்ணாடிக் கப்பின் மேல் ஒரு கூம்பு, கூம்புக்குள் வெள்ளைக் காகிதம், காகிதத்துக்குள் காபித்தூள். நூல் இழுத்த மாதிரி தண்ணீர் விழும். அந்த நேரத்தில் அவர் மூச்சுகூட விடுகிறாரா என்று சந்தேகமாக இருக்கும். ஒருமுறை நான் தெரியாத்தனமாக, "அண்ணா, கேஸ் வண்டி வந்திருக்கு" என்று சொல்லிவிட்டேன். ஊற்றியதை அப்படியே சிங்க்கில் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். கோபமெல்லாம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போயிருப்பேன்.

மைசூர் கும்பாரகொப்பலில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஹெப்பாளில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை. அவர் டூல் ரூமில் மோல்டு செய்கிறவர், அதாவது பிளாஸ்டிக் சாமான்களை வார்க்கும் இரும்பு அச்சைக் கடைகிறவர். நான் இன்ஸ்பெக்‌ஷனில். அச்சிலிருந்து வரும் பீஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பிசிறு இருந்தால் ஒதுக்கிப் போடுவது என் வேலை. அவர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம், சோளக்காட்டுக் குடும்பம். நான் மைசூரிலேயே பிறந்தவள். கட்டட வேலைக்கு வந்த என் அப்பா இங்கேயே தங்கிவிட்டார். என் தமிழில் பாதிக்குமேல் கன்னடம்தான். "உன்ர தமிழுக்கு ஒரு மோல்டு போடோணும் அம்மிணி" என்று கம்பெனி பஸ்ஸில் கிண்டல் செய்வார். அவரைத் திருப்பிக் கிண்டல் செய்ய எனக்கு நிறைய கிடைத்தது.

ஏனென்றால் அந்த மனிதரால் ஒரு பொருளைச் சும்மா பார்க்க முடியாது. பஸ் ஜன்னல் ரப்பரைத் தடவிப் பார்ப்பார். என் டிபன் டப்பா மூடியைத் திருப்பிப் பார்த்து, "இந்த மூலையில சூடு பத்தல, அதான் குழி விழுந்திருக்குது" என்பார். கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் பாட்டிலின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எதிலும் ஒரு குறை இருக்கிறது, தேடினால் அகப்படும், அகப்பட்டால் சரிசெய்துவிடலாம். இதுதான் அவருடைய சாமி, பூதம் எல்லாம். தேடினாலும் சரிசெய்ய முடியாத குறை என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

கூம்பு அவரிடம் வந்தது கம்பெனி ஆர்டராகத்தான். பெங்களூரிலிருந்து இரண்டு இளைஞர்கள் காபி சாமான் விற்கிறோம் என்று வந்தார்கள். மாடல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். பார்க்கப் புனல் மாதிரி இருந்தது. கேண்டீனில் நாங்கள் சிரித்தோம். மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனலுக்கு இவ்வளவு ஆடம்பரமா என்று. அவர் சிரிக்கவில்லை. அதை வாங்கி உள்சுவரில் விரலை விட்டுத் தடவிக்கொண்டே இருந்தார். அன்று பஸ்ஸில் எனக்குப் பாடமே நடத்திவிட்டார்.

"உள்ள வரி வரியா திருகிட்டுப் போகுது பாத்தியா? அது அழகுக்கு இல்ல அம்மிணி. நனைஞ்ச காயிதம் சுவத்துல ஒட்டிக்கும். ஒட்டிச்சுன்னா காத்து வெளிய போகாது, தண்ணி அங்கியே நின்னுபோகும். இந்த வரி காயிதத்தத் தள்ளி நிறுத்துது. அப்பறம் அடியில பாரு, ஒரே ஓட்டை. எத்தாப் பெரிசு! அது தண்ணிய நிறுத்தவே நிறுத்தாது. நிறுத்தறதும் விடறதும் நம்ம கையில இருக்குது."

"அதுக்கு நம்ம பில்டரே தேவலையே அண்ணா. ஊத்தி மூடி வெச்சிட்டு வேற வேல பாக்கலாம்."

"அதாஞ் சொல்றன். நம்மளது மூடி வெச்சுட்டு மறந்துபோற சாமான். இது மறக்க உடாது."

எனக்கு அது பெருமையாகப் படவில்லை. காலையில் ஐந்தரைக்கு எழுந்து சமைத்துக் கட்டிக்கொண்டு பஸ் பிடிக்கிறவளுக்கு, மறக்க விடாத சாமான் எதற்கு?

ஆனால் அவர் வீட்டில் அப்போது வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு, அவர் மனைவிக்கு, இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். குழந்தை கிடையாது. இரண்டு பேர்தான். சாப்பாட்டில் அது கூடாது, இது கூடாது என்றார்கள், சரி. கொடுமை என்னவென்றால் தண்ணீருக்கும் அளவு. ரசம், மாத்திரைக்குக் குடிக்கிற தண்ணீர், எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு சின்னச் செம்புதான். அதில் காபிக்கு அரை டம்ளர் ஒதுக்கினார்கள். பாலும் கூடாது.

அக்கா குடகில் காபித் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவர். அவருடைய அப்பா அம்மா இரண்டு பேரும் பழம் பறித்தவர்கள். சாப்பாடு இல்லாமல் இருப்பார், காபி இல்லாமல் இருக்க மாட்டார். பாலில்லாத டிகாக்‌ஷனை ஒரு வாய் குடித்துவிட்டு அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. "வேப்பெண்ணெயே தேவலாம்டி" என்றார்.

மோல்டு தயாராகி முதல் சாம்பிள் வந்த அன்று, குழி விழுந்ததால் நான் ஒதுக்கிப்போட்ட கூம்பு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன், வேடிக்கை பார்க்கத்தான். தூளில் முதல் தண்ணீர் பட்டதும் அது பூரி மாதிரி உப்பியது. அந்த வாசனையை நான் மறுக்க மாட்டேன். தெரு முழுக்க அடித்தது. சிவந்த நிறத்தில், டீ போலத் தெளிவாக அரை டம்ளர் இறங்கியது. பால் இல்லை, சர்க்கரை இல்லை. அவர் டம்ளரை நீட்டிவிட்டு அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பரீட்சை ரிசல்ட் பார்க்கிற பிள்ளை மாதிரி நின்றார்.

அக்கா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். பிறகு, "சின்ன வயசுல தோட்டத்துல காபிப் பழத்தப் பறிச்சுச் சப்புவோங்க. ஒரு இனிப்பு இருக்கும். அது இதுல இருக்கு" என்றார்.

அண்ணா முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது அந்த மனிதருக்கு.

அன்றைக்குப் பிடித்தது அவருக்குப் பைத்தியம். அந்த இனிப்பை மறுபடி கொண்டுவர வேண்டும், இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். கம்பெனிக் கூம்பு இரண்டு கப்புக்குச் செய்தது, அரை டம்ளருக்கு அது அகலம், தூள் மெலிசாகப் பரந்துவிடுகிறது என்றார். சின்னதாக ஒன்று கடைந்தார். அது சரியாக இறங்கவில்லை. வரியை ஆழமாக்கினார். ஓட்டையை ஒரு மயிரிழை பெரிதாக்கினார். மேனேஜர் அனுமதியோடு ஷிப்ட் முடிந்து உட்கார்ந்து அலுமினியத்தில் ஒன்று, நைலானில் ஒன்று. குயவர் தெருவுக்குப் போய் மண்ணில் ஒன்று சுடச் சொன்னார். ஜன்னல் திட்டு முழுக்கக் கூம்புகள். அக்கா அவற்றுக்கு நடுவில் தன் மாத்திரை டப்பாவை வைக்க இடம் தேடுவார்.

ஒவ்வொன்றிலும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "எப்புடி இருக்குது?" என்பார்.

"நல்லா இருக்குங்க."

"அன்னைக்கு மாதர இருக்குதா?"

"கிட்டத்தட்ட."

கிட்டத்தட்ட என்ற வார்த்தை போதும், மறுநாள் இன்னொன்று கடைவதற்கு.

ஒருநாள் வீட்டிலிருந்த பித்தளை பில்டரை ஆக்ஸா பிளேடு போட்டு நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்துவிட்டார். அக்காவின் அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்தது அது. தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியது. ஓட்டைத் தட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்ததாம். பையிலிருந்து இரண்டு பாதியையும் எடுத்து மேசையில் வைத்தபோது நானும் அங்கே இருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா கத்துவார் என்று பார்த்தேன். அவர் கேட்டது இவ்வளவுதான்.

"உள்ள என்ன இருந்துச்சு?"

"ஓட்டையெல்லாம் ஒரே அளவுல இல்ல புள்ள. அதாந் தண்ணி ஒரு பக்கமா எறங்கிக் கசந்திருக்குது" என்றார் அவர், ரொம்பச் சிரத்தையாக.

அக்கா அந்த இரண்டு பாதியையும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, அலமாரியில் பழைய இடத்திலேயே ஒட்டி வைத்தார்.

இப்படிச் சொல்லும்போது அவர் கல்நெஞ்சுக்காரர் என்று தோன்றும். அது பாவம். காலையில் கம்பெனி பஸ் நின்றதும் எல்லோரும் பஞ்ச் வைக்க ஓடுவோம். அவர் மட்டும் நேரே வாட்டர் கூலருக்குப் போவார். குனிந்து குழாயில் வாயை வைத்துக் குடிப்பார், குடித்துக்கொண்டே இருப்பார், சட்டையெல்லாம் நனையும். ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. வீட்டில் அவர் தண்ணீரே குடிப்பதில்லை. அக்கா எதிரில் ஒரு டம்ளர் தண்ணீரை அண்ணாந்து குடிக்க அவருக்கு மனது வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து, "அம்மிணி, ஒரு செம்பு தண்ணி" என்பார். நான் எதுவும் கேட்காமல் கொடுப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காத மாதிரி சத்தமில்லாமல் விழுங்குவார்.

ஆனால் அதே மனிதர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோயிலில் என் மானத்தை வாங்கினார். அக்காவுக்கு ஆசை என்று மூன்று பேரும் போயிருந்தோம். ரங்கநாதரைச் சேவித்துவிட்டுத் தீர்த்தத்துக்கு நின்றோம். அக்கா கையைக் குவித்து நீட்டினார். அர்ச்சகர் உத்தரணியில் மொண்டு எடுக்கும்போது இவர் குறுக்கே கையை நீட்டி, "அர்த சாகு சுவாமி, அர்த சாகு" என்கிறார். பாதி போதுமாம்! பெருமாள் தீர்த்தத்துக்கு! பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது. அர்ச்சகர் ஒன்றும் விளங்காமல் உத்தரணியைச் சாய்த்துப் பாதியைப் பாத்திரத்தில் விட்டுவிட்டு மிச்சத்தை ஊற்றினார். அக்கா அதைக் குடிக்கவில்லை. தலையில் தடவிக்கொண்டார். 

"அந்த ஒரு சொட்டுக்கு என்ன ஆகிடப்போகுது அண்ணா?" என்று பஸ் ஸ்டாண்டிலேயே பிடித்துக்கொண்டேன்.

"சொட்டு சொட்டாத்தான் அம்மிணி காலு வீங்குது" என்றார்.

ஒரு தடவை அவருக்கு லீவு கிடைக்காமல் அக்காவை டயாலிசிஸுக்கு நான் கூட்டிப் போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஏதோ பேச்சுக்கு, "உங்களுக்கென்னக்கா, காபிக்குன்னே ஒரு என்ஜினியர வீட்டுல வெச்சிருக்கீங்க. அந்தப் பழத்து ருசி திரும்ப வந்துச்சா?" என்றேன்.

அக்கா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். "ருசியா? அன்னைக்கும் ஒண்ணும் இல்லடி. வாயெல்லாம் எப்பவும் தகரம் மாதிரி இருக்கு. எதக் குடிச்சாலும் ஒண்ணுதான்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அவர் மூஞ்சியப் பாத்தியா நீ? அந்த மூஞ்சிகிட்ட நல்லா இல்லன்னு எப்படிச் சொல்றது. சும்மா சொன்னேன்." மெஷின் பக்கம் தலையைத் திருப்பி, "சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார்.

இல்லாத ஒரு இனிப்புக்காக அந்த மனிதர் வருஷக்கணக்கில் கூம்பு கடைந்துகொண்டிருக்கிறார். இல்லை என்று சொல்ல முடியாமல் இந்த அம்மாள் தினமும் அந்தக் கசப்பைக் குடித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குக் கொள்ளை ஆசை. அந்த ஆசையில் தீ வைக்க என்று தோன்றியது எனக்கு. நான் அவரிடம் சொல்லவில்லை. அக்கா சொல்லாததை நான் யார் சொல்ல?

போன மழைக்காலத்தில் அக்கா ரொம்பத் தளர்ந்துவிட்டார். மெஷினில் படுக்க வைத்தால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். பாதியில் எடுத்துவிடுவார்கள். கடைசியில் டாக்டர் அண்ணாவை மட்டும் அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார். நானும் வீல் சேரில் அக்காவும் வெளியே. கதவைத் திறந்துகொண்டு வந்தவர் முகத்தில் சிரிப்பு.

"லிமிட்ட எடுத்துட்டாரு புள்ள! இனிமே தண்ணி, பாலு, எது கேட்டாலும் குடுக்கலாமாம். அளவே இல்லையாம். மெஷினுக்கும் வர வேண்டாமாம். வீட்டுலயே இருக்கலாமாம்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "அப்படீங்களா, நல்லதுங்க" என்றார் அக்கா.

எங்கள் தொழிலில், இந்த இடத்துக்கு அளவு பார்க்க வேண்டாம் என்று கஸ்டமர் சொல்லிவிட்டால் அந்த இடத்தில் பிரச்சினை தீர்ந்தது, பீஸ் பாஸ் என்று அர்த்தம். அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டாரா, அல்லது எடுத்துக்கொண்ட மாதிரி எங்கள் முன்னால் நின்றாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவரிடம் விளக்கிச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. வாயாடி என்று பெயரெடுத்த எனக்கும் வரவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே அக்கா கேட்டார். "ஒரு முழு டம்ளர் காபி குடுங்க. பால் ஊத்தி. சும்மா தூளக் கொதிக்க வெச்சு வடிகட்டினாலும் போதும்."

அவருக்கு அது பொறுக்குமா? முழு டம்ளர் என்றால் பழைய சின்னக் கூம்பு ஆகாது. பாலுக்குத் தாங்குகிற மாதிரி கெட்டியாக இறங்க வேண்டும். வேறு சரிவு, வேறு வரி. "ரெண்டு நாளு பொறுத்துக்க புள்ள. உனக்குன்னு ஒண்ணு போடறன். இத்தன வருசம் அரை டம்ளர் குடிச்சவளுக்கு மொத முழு டம்ளரு, அது சரியா இருக்கோணும்" என்று சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

"நான் போட்டுத் தர்றேன்க்கா, இப்பவே" என்றேன்.

"நீ போட்டா குடிக்க மாட்டேனா? ஆனா அவரு கையால வேணும்டி. கூம்பு கீம்பு இல்லாம, சும்மா அவரு கையால. ஒரு தடவ."

நான் டூல் ரூமுக்கே போனேன். இன்ஸ்பெக்‌ஷன் ஆள் அங்கே போகக் கூடாது, போனேன். லேத் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, அக்கா காபி கேக்கறாங்க. இத நிறுத்திட்டு வீட்டுக்குப் போங்க. ஒரு டம்ளர் போட்டு ஆத்திக் குடுங்க, போதும்."

"வரி மட்டுந்தான் பாக்கி அம்மிணி. நாளைக்கு முடிஞ்சுரும்."

"நாளைக்குன்னு ஒண்ணு இருக்கா அண்ணா உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். லேத் சத்தத்தையும் மீறிப் பக்கத்து மெஷின்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை. ஆனால் கழுத்து நரம்பு துடித்ததை நான் பார்த்தேன். அதனால்தான் சொல்கிறேன், அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று. தெரிந்த ஆள்தான் அப்படி மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

மறுநாள் மத்தியானம் எதிர்வீட்டிலிருந்து எனக்குப் போன் வந்தது. டூல் ரூமுக்கு ஓடினேன். அவர் அப்போதுதான் புதுக் கூம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அதைப் பையில் போட்டுக்கொண்டு கூடவே வந்துவிட்டார். ஒரு ஆள் பைக்கில் கொண்டுவந்து விட்டான்.

அக்காவுக்கு மூச்சு மட்டும் இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. தெருப் பெண்கள் கூடியிருந்தார்கள். கூப்பிட்டால் திரும்பவில்லை. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் பக்கத்தில் போய் நின்றார். கையில் பை.

சேலத்துக்காரப் பெரியம்மா ஒருத்தி, "கட்டினவன் கையால பால ஊத்தச் சொல்லுங்கம்மா" என்றாள். யாரோ கிண்ணத்தில் பாலும் ஸ்பூனும் கொண்டுவந்தார்கள். நான் அவர் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தேன். கிண்ணத்தைக் கொடுத்தேன்.

அவர் ஸ்பூனில் பாலை எடுத்தார். அக்காவின் வாய் வரைக்கும் கொண்டுபோனார். அங்கேயே நிறுத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எவ்வளவு ஊத்தலாம்?"

அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "எவ்வளவு வேணும்னாலும் ஊத்துங்கண்ணா" என்றேன்.

முதல் ஸ்பூன் உள்ளே போனது. அடுத்தது வாயிலேயே நின்றது. அதற்கடுத்தது கடைவாயில் வழிந்து காதோரமாகத் தலையணையில் இறங்கியது. அவர் துண்டால் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினார். வழிந்தது. துடைத்தார், ஊற்றினார். பெரியம்மா அக்காவின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவரைத் தடுக்க யாரும் முன்னே வரவில்லை. கிண்ணம் காலியானதும் அதை என் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் பாலு கொண்டா அம்மிணி. குடிக்கறா."

நான் உள்ளே போய்க் கொண்டுவந்து கொடுத்தேன்.